கட்டைவிரலும் மீசையும்

1

யாரோடு யார் மோதலாம்? புராணத்தைக் கையிலெடுக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. யார் வென்றான், யார் தோற்றான் என்பதெல்லாம் அப்புறம். களத்தில் இறங்குவதற்கே ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. காதலுக்குச் சாதி பார்க்கிற சமூகம் பகைக்கும் சாதி பார்க்கிறது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. தனக்குச் சமமானவனைத்தான் ஒருவன் எதிரி என்று ஒப்புக்கொள்வான். கீழே இருப்பவன் எதிர்த்து நின்றால் அவனுக்குப் பெயர் வேறு: திமிர் பிடித்தவன். எதிரியோடு போர் நடக்கும். திமிர் பிடித்தவனுக்குத் தண்டனைதான்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் புறநானூற்றை நடத்துகிறபோது வீரம் வீரம் என்று உருகுவார்கள். மார்பில் புண்பட்டுச் செத்தவனுக்கு நடுகல். மகன் முதுகில் புண்பட்டான் என்றால் பெற்றவளுக்கு அவமானம். அந்தப் போருக்குத் துடி அடித்தவனைப் 'புலையன்' என்றும் 'இழிசினன்' என்றும் கூப்பிட்டுவிட்டுப் பாட்டு மேலே போய்விடும். அவன் அடிக்காவிட்டால் ஒருத்தனுக்கும் ரத்தம் சூடாகாது. ஆனாலும் வீரர் கணக்கில் அவன் வரமாட்டான். இதை எந்த வாத்தியாரும் நிறுத்திச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பழங்கதைகளில் வருகிற வீரத்தையும் போட்டியையும் ஆம்பிளைத்தனத்தையும் இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கதைகளை இன்றைக்கு நாம் திருப்பிச் சொல்கிறோமே, அதையும் சேர்த்துத்தான்.

2

ஏகலைவன் கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஆதிபருவத்தில் வருகிறது. நிஷாதர் தலைவன் இரணியதனுசின் மகன் அவன். வில் பழக வந்தவனை நிஷாதன் என்பதாலேயே துரோணன் சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டுக்குப் போனான், மண்ணால் துரோணன் உருவம் செய்து வைத்தான், தானாகவே பழகினான். குரைத்த நாயின் வாய்க்குள் ஏழு அம்பு விட்டு அடைத்தான். அதைப் பார்த்த அர்ச்சுனன் நேராகத் துரோணனிடம் போய் முறையிடுகிறான். என்னைவிடச் சிறந்த மாணவன் உமக்கு இருக்கமாட்டான் என்றீரே, இவன் யார்? துரோணன் காட்டுக்கு வருகிறான். குருதட்சணையாக வலதுகைக் கட்டைவிரலைக் கேட்கிறான். ஏகலைவன் முகம் வாடாமல் அறுத்துக் கொடுக்கிறான். அர்ச்சுனனின் மனக்காய்ச்சல் தணிந்தது என்று கதை முடிகிறது.

இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் ஏகலைவனின் குருபக்தியை மெச்சுவார்கள். இன்னொரு சாரார், நாம் உட்பட, துரோணனைத் திட்டுவோம். இரண்டு சாராரிடமிருந்தும் ஒருத்தன் தப்பித்துவிடுகிறான். அர்ச்சுனன். அவன் என்ன செய்தான்? 'வாடா, நீயும் நானும் எய்து பார்த்துடலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னானா? வில்லுக்கு விஜயன் என்று பேர் வாங்கியவன் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. நிர்வாகத்திடம் போய் மனு கொடுத்தான். நடக்காத போட்டியில் ஜெயித்தவன் அவன். உலகத்தின் முதல் வில்லாளி என்ற பட்டம் ஒரு கட்டைவிரலின் மேல்தான் நிற்கிறது.

அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' (1936) உரையில் சம்பூகனைப் பற்றிப் பேசுகிறபோது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். ராமன் சம்பூகனைக் கொன்றது ராமனின் தனிப்பட்ட கெட்ட குணத்தால் இல்லை. தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது, அதனால்தான் கொல்ல வேண்டியிருந்தது. ஏகலைவனுக்கும் அதுதான் பொருந்தும். துரோணன் நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். அவன் ஒரு ஏற்பாட்டின் கை.

அந்த ஏற்பாடு கட்டைவிரலோடு நிற்கவும் இல்லை. துரோண பருவத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனிடம் கணக்கு ஒப்பிக்கிற ஒரு இடம் இருக்கிறது. ஜராசந்தன், சிசுபாலன், ஏகலைவன், இவர்களெல்லாம் இருந்திருந்தால் உன்னால் தாங்கியிருக்க முடியாது, உனக்காகத்தான் ஒவ்வொருவராக ஒழித்துவைத்தேன் என்கிறான். விரல் போன பிறகும் அவனைப் பற்றிய பயம் போகவில்லை. வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது அவன் யாரென்று. பாராட்டுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்றைக்கு என்ன நடக்கிறது? சிறந்த விளையாட்டு வீரருக்கு இந்திய அரசு 1961 முதல் அர்ச்சுனா விருது கொடுக்கிறது. சிறந்த பயிற்சியாளருக்கு 1985 முதல் துரோணாச்சார்யா விருது. 2016-இல் குர்கான் என்ற ஊரின் பெயரைத் துரோணனின் ஞாபகமாகக் குருகிராம் என்று மாற்றினார்கள். ஏகலைவன் பெயரையும் விட்டுவிடவில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று 1990-களின் கடைசியில் தொடங்கிய உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவன் பெயர். யோசித்துப் பாருங்கள். கற்றுக்கொடுக்கிறவனுக்குத் துரோணன் பேரில் விருது, காட்டிலிருந்து படிக்க வருகிற பிள்ளைக்கு ஏகலைவன் பேரில் பள்ளிக்கூடம். பெயர் வைத்தவர்களுக்குக் கதை தெரியாதா, அல்லது நன்றாகத் தெரிந்துதான் வைத்தார்களா?

3

கர்ணனுக்கு விரல் போகவில்லை. அவனுக்குக் கதை வேறொரு வழி செய்து வைத்திருக்கிறது.

அரங்கேற்றத்தில் அர்ச்சுனன் வித்தை காட்டி முடித்ததும் கர்ணன் உள்ளே வருகிறான். அவன் செய்ததெல்லாம் நானும் செய்வேன் என்கிறான், செய்தும் காட்டுகிறான். நேருக்கு நேர் மோதலாம் என்று கூப்பிடுகிறபோதுதான் கிருபன் எழுந்து குலம் கேட்கிறான். இவன் பாண்டு மகன், குந்தி வயிற்றில் பிறந்தவன். நீ யார் மகன், சொல். கர்ணன் தலைகுனிகிறான். துரியோதனன் அந்த இடத்திலேயே அங்க நாட்டுக்கு முடிசூட்டுகிறான். அந்த நேரம் பார்த்துத் தேரோட்டி அதிரதன் வியர்த்து விறுவிறுத்து வந்து மகனே என்று கட்டிக்கொள்கிறான். உடனே பீமன் சிரிக்கிறான். உனக்கு வில் எதுக்கு, சாட்டையை எடு என்கிறான். முடி சூட்டியாயிற்று, நாடு கொடுத்தாயிற்று. அப்பன் வந்து நின்றதும் எல்லாம் போச்சு.

இந்த இடத்தில் நமக்குக் கண்ணீர் வருகிறது. அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். நாம் யாருக்காக அழுகிறோம்? கர்ணன் சூரியனுக்குப் பிறந்தவன், குந்தியின் மூத்த பிள்ளை என்பது கேட்கிற நமக்கு முன்னாலேயே தெரியும். ஆகவே அழுகையின் பொருள் என்ன? 'ஐயோ, ராசா மகனைப் போய்த் தேரோட்டி மகன்னு சொல்லிட்டாங்களே.' அநியாயம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். தேரோட்டியை இகழ்வது அநியாயமாக இல்லை; க்ஷத்திரியனைத் தவறாகத் தேரோட்டிக் கணக்கில் எழுதிவிட்டதுதான் அநியாயம். இது சாதிக்கு எதிரான கண்ணீர் கிடையாது. சாதிப் பதிவேட்டில் எழுத்துப் பிழை நேர்ந்ததற்கான கண்ணீர்.

கர்ணன் நிஜமாகவே ராதையின் வயிற்றில் பிறந்திருந்தால்? அப்போதும் ஊர் அழுமா? வட தமிழ்நாட்டுக் கூத்தில் 'கர்ண மோட்சம்' மக்கள் விரும்பிப் பார்க்கிற ஆட்டம். கட்டிய பெண்டாட்டி பொன்னுருவியே அவனைத் தாழ்ந்த பிறப்பு என்று இகழ்ந்து பேசுவாள். விடிய விடியத் தர்க்கம். சனம் கர்ணன் பக்கம்தான் நிற்கும். ஆனால் அதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் தருமராசா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழையக்கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைக்க வேண்டியதாயிற்று. கர்ணனுக்காக அழத் தெரிந்த வட்டாரம்தான் அது. அந்தக் கண்ணீருக்கு அவ்வளவுதான் நீளம்.

கர்ணனிடம் ஒரு பெரிய இடம் உண்டு. அதை யாரும் மேடையில் பெரிதாகக் காட்டுவதில்லை. உத்தியோக பருவத்தில் கிருஷ்ணன் வந்து பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, மூத்தவன் நீதான், ராச்சியம் உனக்கு என்று கூப்பிடுகிறான். கர்ணன் மறுக்கிறான். என்னைத் தூக்கியதும் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரம் அள்ளியவள் அவள், சூதர் குலத்தில் பெண் எடுத்தேன், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் என்கிறான். க்ஷத்திரியச் சான்றிதழ் கையில் வந்து விழுகிறபோது வேண்டாம் என்று சொன்ன ஒருவன். மறுகூறல்கள் இதை ஓரமாய்த் தள்ளிவிட்டுக் குந்தியின் மடியில் அவன் தலை சாய்கிற காட்சிக்கு ஓடுகின்றன. ராதை எங்கே போனாள்? பால் கொடுத்தவளுக்கு ஒப்பாரி வைக்கக்கூட ஒரு காட்சி கிடையாது. 'தளபதி' (1991) படத்திலும் கதை பெற்ற தாயைத் தேடித்தான் போகிறது. எடுத்து வளர்த்த சேரி பின்னணியாக நிற்கிறது.

கடோத்கஜன் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இடிம்பி என்ற அரக்கிக்குப் பீமன் மூலம் பிறந்தவன். பாண்டவர் வீட்டு மூத்த பிள்ளை. அர்ச்சுனனைக் கொல்லக் கர்ணன் வைத்திருந்த சக்தி ஆயுதம் தீர வேண்டும், அதற்காக இரவுப் போரில் அவனை அனுப்புகிறார்கள். செத்து விழுகிறான். பாண்டவர் அழுகிறார்கள், கிருஷ்ணன் ஆடுகிறான். இவனைக் கர்ணன் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும், பிராமணருக்கும் வேள்விக்கும் பகையானவன் என்று காரணமும் சொல்கிறான். அபிமன்யுவும் பிள்ளைதான், கடோத்கஜனும் பிள்ளைதான். ஒருத்தன் சாவுக்குச் சபதம். இன்னொருத்தன் சாவுக்குக் கூத்து.

4

இப்போது நம்ம சாமிக்கு வருவோம். மதுரை வீரன்.

அச்சில் கிடைக்கிற கதைப்பாடல்படி வீரன் காசி ராசாவுக்குப் பிறக்கிறான். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடுகிறார்கள். சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். பொம்மண்ண நாயக்கன் மகள் பொம்மி வயசுக்கு வந்து குச்சிலுக்குள் இருக்கிறாள். காவல் வேலை வளர்ப்புத் தகப்பனுடையது. மழை இரவு ஒன்றில் அவனுக்குப் பதிலாக வீரன் காவலுக்குப் போகிறான். பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகிறான். துரத்தி வந்த நாயக்கன் சாகிறான். பிறகு திருச்சி, அப்புறம் மதுரை. அழகர்மலைக் கள்ளரை அடக்கத் திருமலை நாயக்கன் இவனைத்தான் ஏவுகிறான். காரியம் முடிகிறது. அரண்மனையைச் சேர்ந்த வெள்ளையம்மாளை இரவில் அழைத்துப் போகிறபோது பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கிவிடுகிறார்கள்.

ஏகலைவனுக்கு விரல், இவனுக்குக் காலும் கையும். கர்ணனுக்குச் சூரியன், இவனுக்குக் காசி ராசா. இரண்டு வைத்தியமும் ஒரே உடம்பில் நடந்திருக்கிறது. வெட்டு, வெட்டிய பிறகு உயர்த்து. பெண்ணைக் கூட்டிப் போனவன் உயிரோடு இருக்கக்கூடாது. அவனுடைய வீரம் உண்மை என்றால் அவன் சக்கிலியனாகவும் இருக்கக்கூடாது. அதனால்தான் எங்கிருந்தோ காசியைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். தெற்கே கதை நடக்கிறது, பிறப்புக்கு மட்டும் காசி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஒட்டு தெரிகிறது.

எங்க அம்மாச்சி சொல்கிற கதையில் காசி ராசா கிடையாது. ஒருமுறை நான் படித்த திமிரில், 'வீரன் ராசா மகனாமே அம்மாச்சி' என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'ராசா மகன்னா எதுக்குடா கையக் கால வெட்றான்? ராசா ராசாவ வெட்டுவானா?' என்றாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை. தண்டனையைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடி என்கிறாள்.

1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து 'மதுரை வீரன்' படம் வந்தது. கண்ணதாசன் வசனம். எடுத்து வளர்த்த தம்பதியாக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும். பெரிய வெற்றி. சேரிச் சனம் நம்ம சாமி சினிமாவில் வருகிறது என்று போய்ப் பார்த்தது. சாமி வந்தது, அரண்மனைப் பிறப்பும் கூடவே வந்தது. செருப்புத் தைக்கிற தகப்பனும் தாயும் சிரிப்புப் பாத்திரங்களாக நின்றார்கள். நம்முடைய தெய்வத்தை நமக்கே காட்டி, அது உன்னுடையது இல்லை என்று சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்தான். சாமியை நமக்குக் கொடுத்தார்கள், பிறப்பை மட்டும் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் வீரன் நிற்கிறான். வாசலில். காவலுக்கு. வெட்டுப்பட்ட பிறகும் வேலை அதேதான்: அடுத்தவன் சொத்தைக் காப்பது.

5

இதுவரை எழுதியதில் ஆதிக்கத்தின் கணக்கைப் பார்த்தோம். இனி நம்முடைய கணக்கு. இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் இந்தப் பத்திரிகையில் எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது?

வெட்டப்பட்டவனைத் திருப்பிச் சொல்கிறபோது முதலில் எதைத் திருப்பிக் கொடுக்கிறோம்? அவனுடைய ஆம்பிளைத்தனத்தை. அதற்கு நியாயம் இருக்கிறது. மீசை என்பது வெறும் மயிர் இல்லை இந்த நாட்டில். 2017-இல் குஜராத்தில் காந்திநகர் பக்கத்துக் கிராமமொன்றில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களை அடித்தார்கள். அதைக் கண்டித்து எத்தனையோ இளைஞர்கள் மீசையோடு படம் எடுத்துப் போட்டார்கள். தோளில் துண்டு, காலில் செருப்பு, மாப்பிள்ளைக்குக் குதிரை என்று இவை ஒவ்வொன்றுக்கும் ரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. நிமிர்ந்து நடப்பதே குற்றம் என்றால் நிமிர்ந்து நடப்பதே போராட்டம். அதைக் கேலி பேச யாருக்கும் உரிமை இல்லை.

என் கேள்வி வேறு. எந்த ஆம்பிளைத்தனத்தை நாம் திருப்பிக் கேட்கிறோம்?

கர்ணனையே பார்ப்போம். அரங்கேற்றத்தில் அவமானப்பட்டவன் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய்த் தீர்த்தான்? சபையில். சூதில் வைத்து இழந்த திரௌபதிக்காக விகர்ணன் நியாயம் பேசுகிறான். எழுந்து அவனை அடக்கியவன் கர்ணன்தான். ஐவருக்கு மனைவி என்றால் அவள் வேசி, அவள் துணியையும் பாண்டவர் துணியையும் உருவு என்று சொன்ன வாய் அவனுடையது. பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் இதைப் பார்க்கலாம். அர்ச்சுனனோடு மோத முடியாதவன் அர்ச்சுனன் பெண்டாட்டியின் சேலையில் மோதினான். சாதியால் அடிபட்டவனின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையைக் கர்ணனைக் கொண்டாடுகிற எழுத்துகள் பலவும் பூசி மெழுகித் தாண்டிப் போகின்றன. தாண்டக்கூடாது. அங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. ஆண்டைகளின் வீரத்தை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டால், அதன் பையில் இருக்கிற இந்தச் சேலையும் கூடவே வரும்.

வீரன் கதையிலும் அதுதான். இரண்டு ஆண்களுக்கு நடுவில் மானம் கைமாறுகிற பொருளாகப் பெண். பொம்மியைக் கூட்டிப் போனால் நாயக்கன் மானம் போகும். வெள்ளையம்மாளைக் கூட்டிப் போனால் ராசா மானம் போகும். கடைசியில் வீரன் சாகிறபோது இரண்டு பேரும் தீயில் விழுகிறார்கள். வீரனுக்குக் கையும் காலும் வந்ததாகக் கதை சொல்கிறது, மீனாட்சியே கொடுக்கிறாள். தீயில் விழுந்தவர்களுக்கு யாரும் எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை. பொம்மி அந்த மழை இரவில் என்ன நினைத்தாள்? அவளுக்கு அந்தக் குச்சிலிலிருந்து வெளியே வர ஆசை இருந்ததா? அப்பன் செத்த இடத்தில் அவள் அழுதாளா? நம்முடைய வீரன் பாட்டுகளில் இதற்குப் பதில் தேடிப் பாருங்கள். அரிவாளும் குதிரையும்தான் அகப்படும்.

கன்னடத்தில் குவெம்பு ஏகலைவன் கதையை நாடகமாக்கினார். விரலுக்கு விலை கழுத்து என்று பொருள்படும் தலைப்பு. விரல் வாங்கியவன் கழுத்தைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயம். அதில் ஏகலைவனின் தாயை மேடைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். பாரதத்தில் அப்பன் பெயர் இருக்கிறது, அம்மா இல்லை. பழிக்குப் பழி என்பதைவிட, அந்த அம்மா வந்து நின்றதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2021-இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோது நம்மில் பலருக்கு நெஞ்சு விம்மியது. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் ஆடிய ஆட்டத்தை மறக்காதவர்களுக்கு அது வெறும் படம் இல்லை. பெயர்களை அவர் மாற்றிப் போட்ட விதம் அழகு. கர்ணனும் துரியோதனனும் திரௌபதியும் அபிமன்யுவும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். கண்ணபிரான் போலீஸ் அதிகாரி. இந்தக் கர்ணனுக்கு ரகசியப் பிறப்பு இல்லை. எந்தக் குந்தியும் வந்து இவனை உயர்த்தவில்லை. மீனை வெட்டி வாளை வாங்குகிறான், பாரதத்தில் அர்ச்சுனனுக்குக் கிடைத்த மீன் இலக்கு இங்கே இவனுக்கு. பழைய எழுத்துப் பிழைக் கண்ணீரை இந்தப் படம் துடைத்துவிட்டது.

ஆனால் படத்தைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். கதை தொடங்குவதே நடுரோட்டில் வலிப்பு வந்து, எந்த வண்டியும் நிற்காமல், செத்துப்போகிற ஒரு சிறுமியில். காட்டுப்பேச்சியாகப் படம் முழுக்க நிற்கிறவள் அவள். பஸ் மேல் முதல் கல் எறிந்தது கர்ணன் இல்லை. நிறைமாத கர்ப்பிணியான அம்மாவோடு பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒரு பொடியன். போட்டி எதற்காக? ஒரு பஸ் நிற்க வேண்டும் என்பதற்காக. பொம்பளைகள் பிரசவத்துக்குப் போக, பொண்ணுகள் படிக்கப் போக. படம் இதைச் சொல்கிறது. நாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது வாளை. சுவரொட்டியில் ஒட்டியதும் வாளை. குறை படத்தில் மட்டும் இல்லை, பார்த்த நம் கண்ணிலும் இருக்கிறது.

இது புதிதாக நான் கிளப்புகிற விவகாரமும் இல்லை. சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலை 1989-இல் எழுதினார். ஊருக்காக அதிகாரிகளிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற காத்தமுத்து வீட்டுக்குள் வந்ததும் என்னவாகிறான் என்று காட்டினார். அன்றைக்கு எழுந்த கோபமெல்லாம் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்பதாகத்தான் இருந்தது. 1994-இல் பாமாவின் 'சங்கதி' வந்தது. நாளெல்லாம் காட்டில் ஆண்டையிடம் கூனிக் குறுகி நின்ற ஆம்பிளை, ராத்திரி வீட்டுக்கு வந்து நிமிர்கிறான். யார் முதுகின் மேல் நிமிர்கிறான் என்பதை அந்தப் பெண்கள் வாய் திறந்து சொன்னார்கள். இரண்டு புத்தகமும் நம்மைக் காட்டிக்கொடுக்க எழுதப்பட்டவை அல்ல. வீரத்துக்கு வேறொரு இலக்கணம் கேட்டவை. மகளிர் பிரச்சினை என்று தனி அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டு நாம் மறுபடி மீசையை முறுக்கப் போய்விட்டோம்.

6

பாரதத்தில் இன்னொரு நிஷாதக் கதை இருக்கிறது. ஏகலைவனைத் தெரிந்த அளவுக்கு இவளை யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பெயரும் இல்லை.

வாரணாவதத்து அரக்கு மாளிகை. தீ வைக்கத் திட்டமிட்டிருப்பது பாண்டவருக்கு முன்பே தெரியும். சுரங்கமும் தயார். அன்றைக்குக் குந்தி விருந்து வைக்கிறாள். பிராமணர்கள் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். ஒரு நிஷாதப் பெண்ணும் தன் ஐந்து பிள்ளைகளோடு சோற்றுக்கு வருகிறாள். சாப்பிட்டு, குடித்து, மயங்கி, பிள்ளைகளோடு அங்கேயே தூங்கிவிடுகிறாள். நடு இரவில் பீமன் மாளிகைக்குத் தீ வைக்கிறான். ஐந்து பேரும் தாயும் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். காலையில் ஊரார் வந்து பார்த்தால் கரிக்கட்டையாக ஒரு தாயும் ஐந்து பிள்ளைகளும். பாண்டவர் செத்தார்கள் என்று ஊர் அழுகிறது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த ஆறு உடம்பு இல்லாவிட்டால் பாண்டவர் கதை மேலே நகராது. சுயம்வரம் இல்லை, சபதம் இல்லை, குருட்சேத்திரம் இல்லை. ஏகலைவனின் விரல் அர்ச்சுனனின் பட்டத்தைத் தாங்குகிறது என்றால், இவர்களின் எலும்பு மொத்தக் காவியத்தையும் தாங்குகிறது. ஏகலைவனிடம் விரலைக் கேட்டாவது வாங்கினார்கள். இவளிடம் கேட்கக்கூட இல்லை. இவளோடு யாருக்கும் பகையும் இல்லை, போட்டியும் இல்லை. சோறு போட்டுக் கொன்றார்கள்.

வங்கத்தில் மகாசுவேதா தேவி இந்த இடத்தைப் பிடித்துக் கதை எழுதினார். வனவாசத்தில் இருக்கிற கிழக் குந்தியின் முன்னால் ஒரு நிஷாதப் பெண் வந்து நின்று கணக்குக் கேட்கிறாள். ராசமாதா மனசுக்குள் வேறு பாவங்களையெல்லாம் எண்ணிப் புலம்பிக்கொண்டிருக்கிறாள். இது அவள் ஞாபகத்திலேயே இல்லை. ஞாபகமில்லாமல் போனதுதான் குற்றம் என்கிறாள் நிஷாதி.

நம் மொழியில் அந்தக் கதையை யார் எழுதப் போகிறோம்? ஏகலைவனுக்கு விரலை ஒட்டிப் பாட்டுக் கட்டியிருக்கிறோம். கர்ணனுக்கு வாள் கொடுத்தோம். வீரனுக்குக் காசியைக் கழற்றி எறிந்து அவன் அப்பன் ஆத்தாளிடமே சேர்க்கிற வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. எல்லாம் தேவையான வேலை. யாரும் நிறுத்த வேண்டாம். இவற்றைச் செய்கிற தோழர்கள் ஒன்றை மட்டும் கூடவே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். அடுத்த முறை வீரன் கதையை மேடையேற்றுகிறபோது பொம்மிக்குப் பேச்சு எழுதுங்கள். கர்ணனை எடுத்தால் சபையில் அவன் சொன்ன வார்த்தையை மறைக்காமல் வையுங்கள். அவன் ஏன் சொன்னான், அதற்கு அவனை எது தள்ளியது, அவன் சொல்லாமல் இருந்திருக்க முடியாதா என்று விவாதிக்க விடுங்கள். ராதைக்கு ஒரு ஒப்பாரி கொடுங்கள். அந்த நிஷாதிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் பெயர் வையுங்கள்.

எதிரியாக ஒப்புக்கொள்ளப்படுவதற்காக நாம் ஆண்டையின் வீரத்தில் தேறிக் காட்ட வேண்டியதில்லை. அந்தத் தேர்வை நடத்துகிறவன் துரோணன். அதில் முதல் மார்க் வாங்கினாலும் விரலைத்தான் கேட்பான்.